பதினோரு விநாடி

ஜார்ஜ்டவுன், மாஜிஸ்திரேட் நீதிமன்றம், மூன்றாம் எண் அறை.
பையனின் குரல்பதிவு பதினோரு விநாடி.
நான்காம் முறையாக ஓடவிடுகிறார்கள்.

'டேய் மச்சான், ஜாங்கான் ரிசாவ்.
அவன நாந்தான் செட்டல் பண்ணிட்டேன்.
அவ்ளோதான் லா.'

பின்னால் ஒரு மோட்டார் உறுமி அணைகிறது.
ஜெலுத்தோங் பட்டறை என்று எனக்குக் கேட்கிறது.
மோட்டாரை மொழிபெயர்க்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

யுவனேஸ்வரன், வயது இருபத்திரண்டு.
கழுத்துவரை பொத்தான் போட்டிருக்கிறான்,
வக்கீல் சொல்லியிருப்பார்.
நக இடுக்கில் மட்டும் கிரீஸ் போகவில்லை.
இரண்டாம் வரிசையில் லிங்கேஸ்,
மாவுக்கட்டுப் போட்ட கையை
அடுத்தவர் குழந்தைபோல் மடியில் வைத்திருக்கிறான்.

ஜாங்கான் ரிசாவ், கவலைப்படாதே, மலாய்தான்.
அதை மலாயிலிருந்து எடுத்து
மலாயிலேயே திரும்ப வைக்க
எனக்குச் சம்பளம் தருகிறார்கள்.
'லா'வுக்கு எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை.
விட்டுவிட்டால் அந்த வாக்கியம் மிரட்டுகிறது.
சேர்த்துக்கொண்டால் தோளில் கை போடுகிறது.

செட்டலில்தான் நின்றுவிட்டேன்.

நாலு பேர் தின்ற ரொட்டிச்சானாய்க்கு
ஒருவன் காசு வைத்தால் செட்டல்.
தங்கச்சியின் பள்ளிச் சீருடை தைத்தாகிவிட்டால் செட்டல்.
இரண்டு வருடம் பழகியவர்கள்
கார் நிறுத்துமிடத்தில் அழுது பிரிந்தாலும்
மறுநாள் கூட்டாளிகளிடம் அதே சொல்தான்.
சந்து முனையில் இரும்புக்குழாயோடு
ஒருவன் காத்திருந்தால்?
அதற்கும் இதுதான்.

'மூணு மாசம் பாக்கி, அவன் போ லுய்,
நான் கட்டுனேன்' என்கிறான் பையன்.
காசில்லை என்பதை ஹொக்கியனில்தான் சொல்ல வருகிறது அவனுக்கு.
அறுநூற்று நாற்பது வெள்ளி.
ரசீது இல்லை.

நான் தேர்வெழுதித் தேறிய தமிழில்
இவன் ஒரு வரியும் பேசுவதில்லை.
ஆனால் இன்று காலை கடையில் நான் சொன்னது:
'அண்ணே, தே-ஓ பெங், கூராங் மானிஸ், பொங்குஸ்.'
அதில் தமிழ் ஒரே ஒரு சொல்.
அவர் எதையும் தவறவிடவில்லை,
சர்க்கரையைக்கூட.

'அகராதியில் பாருங்கள்' என்கிறார் அரசுத் தரப்பு.
பார்க்காமலே தெரியும், தீர்த்தல்.
தாகத்தைத் தீர்க்கலாம்.
கடனைத் தீர்க்கலாம்.
ஆளையும் தீர்க்கலாம்.
இந்த அறையில் கடைசியாக வாசிக்கப்போவதும்
அந்த வேரில் முளைத்த சொல்தான்.
ஈராயிரம் வருடமாக
நாம் திருத்த மறந்த குழப்பத்தை
ஒரு பட்டறைப் பையன்
வேறு டயர் மாட்டி ஓட்டிவந்திருக்கிறான்.
அவனைப் போய்க் கொச்சை என்கிறோம்.

'எந்த அர்த்தம்?' மாஜிஸ்திரேட் கேட்கிறார்.
சீன அம்மாள், பட்டர்வொர்த் பக்கம்.
போனில் தன் மகனிடம் எப்படிப் பேசுவார் என்று
நடைபாதையில் கேட்டிருக்கிறேன்.
பையன் என்னைப் பார்க்கிறான்,
அக்கா, உங்களுக்குத் தெரியாதா என்பதுபோல.

தெரியும்.
தெரிவதை எழுத ஒரு சொல் கேட்கிறார்கள்,
ஒன்றே ஒன்று.

'எல்லாமும்தான், புவான்.'

பேனா ஒரு கணம் நின்றது.
பிறகு அந்தச் சொல்லை அப்படியே,
இரண்டு பக்கமும் மேற்கோள்குறி போட்டு,
சிறையில் வைப்பதுபோல் எழுதிக்கொண்டார்.
விசாரணை பதினான்காம் தேதிக்கு.

மதியம் கடையில் எனக்கு முன்னால்
பையனைக் கூட்டிவந்த கான்ஸ்டபிள் அஸ்ருல்.
பணத்தை மேசையில் வைத்துவிட்டுத் திரும்புகிறார்:
'காக், தே-ஓ டா செட்டல்.'

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன்.
அதற்குள் போய்விட்டார்.
பனிக்கட்டி போட்ட பை
விரலில் தொங்கி வியர்த்துக்கொண்டிருந்தது.