இன்னொரு கரண்டி வினிகர்

"தோலோடு வேகவை. வாலை நறுக்காதே,
நறுக்கினால் நிறம் பூராவும் தண்ணீருக்குத்தான்."
ஆறு மாதத்தில்
வக்கீல் இல்லாமல் ஹலினா என்னிடம் பேசியது
இவ்வளவுதான். வைத்துவிட்டாள்.

லூப்ளினுக்கு வெளியே, சர்க்கரை ஆலைக்கு
நான் லாரியில் ஏற்றுவதும் பீட்ரூட்தான்.
வெள்ளை ரகம். நடைக்கு இருபத்துநாலு டன்,
அதில் பாதி சேறு.
அக்டோபர் பிறந்தால் என் இருக்கைத் துணியில்கூட
வெந்த மண்ணின் வாசம்.
சிவப்பைக் கையால் தொட்டதில்லை.
தட்டில் வந்தது, தின்றேன்.

இன்று ஞாயிறு, யாகோதா வருகிறாள்.
நீதிபதி அளந்துகொடுத்த ஞாயிறு:
பத்திலிருந்து ஆறு.

ஒன்றரை மணி நேரம் கொதித்தும்
நடுவில் கத்தி இறங்கவில்லை.
அப்புறம் இறங்கியது. தோல்
ஈரக் கையுறைபோல் கழன்று வந்தது.
துருவினேன். சுவரில், சட்டையில்,
விசாரணைத் தேதியை வட்டமிட்ட
காலண்டரில்கூட ஒரு துளி.
வெண்ணெயில் மாவை வறுத்துக் கிளறி
ஒரு கரண்டி வினிகர் விட்டேன்,
நாக்கில் வைத்தால் கண்ணில் நீர்.
சர்க்கரை போட்டேன், ஜாம்.
வினிகர். சர்க்கரை.
இன்னொரு கரண்டி வினிகர்.
நான் ஒன்று சொல்ல அவள் ஒன்று சொல்ல
விடியும்வரை நீண்ட இரவுகள் மாதிரி
யாரும் ஜெயிக்கவில்லை,
சட்டி மட்டும் நிறைந்தது.
மிச்சமிருந்த இரண்டு கிழங்கையும் துருவிப் போட்டேன்.
இரண்டு பேருக்கு ஆரம்பித்தது
எட்டுப் பேருக்கு நிற்கிறது.

வெள்ளைத் தங்கையைப் பிழிந்ததைத்தான்
சிவப்பு அக்காவின் தலையில்
கொட்டிக்கொண்டிருக்கிறேன் என்பது
அப்போதுதான் உறைத்தது.

யாகோதா உருளைக்கிழங்கு மசியலில்
ஒரு வாய்க்கால் வெட்டிச் சிவப்பைப் பாயவிட்டாள்.
தின்றாள். ஒன்றும் சொல்லாமல்
மறுபடி போட்டுக்கொண்டாள்.
"அம்மா ஆப்பிள் துருவிப் போடுவாள். சொல்லலையா?"
சொல்லலை.
"எனக்கும் சொன்னதில்லை. நானே பார்த்தேன்."

ஆறு மணிக்கு மிச்சத்தை
ஊறுகாய் பாட்டிலில் அடைத்துக் கொடுத்தேன்.
மூடி சரியாக இறுகாத பாட்டில்.
நிமிர்த்திப் பிடித்துக்கொள் என்றேன்.
படி முழுக்க
இரண்டு கையாலும் பிடித்தபடியே இறங்கினாள்.

திங்கள். ஆலையின் எடைமேடை.
சீட்டை நீட்டிய மியெத்தெக்
என் விரல்களைப் பார்த்து
"யாரைக் கொன்றாய்?" என்கிறான்.
பின்னால் நாலு லாரிகள் ஹாரன் அடிக்கின்றன.
போனில் ஹலினா:

புளிப்பு தூக்கல்.
பாட்டிலைக் கழுவி வைத்திருக்கிறேன்.