பதினேழாம் கட்டம்

மைனாட் நகரில் என் அலுவலகத்துக்கு
இடப்பக்கம் காசு போட்டால் துவைக்கும் கடை,
வலப்பக்கம் பீட்சா.
ராணுவத்துக்கு ஆள் சேர்க்கும் என் சீருடையில்
சோப்பும் வெங்காயமும் மாறி மாறி மணக்கும்.

ஜனவரியில் ஒரு செவ்வாய்.
கண்ணாடிக் கதவின் உட்புறத்திலும் உறைபனி.
டில்டா ஆஸ்கார்ட் வந்தாள்,
பதினெட்டு முடிந்து நாற்பது நாள்.
அட்டைப்பெட்டியை மேசைமேல் வைத்துவிட்டுக்
கையுறையைப் பல்லால் இழுத்துக் கழற்றினாள்.

திசைகாட்டி ஒன்று. கயிறு.
மார்புக்குக் குறுக்கே அணியும் துணிப்பட்டையில்
இருபத்தாறு வட்டத் தையல்கள்:
முதலுதவி, நீச்சல், வரவுசெலவு, நாய் வளர்ப்பு.
அப்புறம் ஒரு பெட்டியின் படங்கள்.
கிழிந்த தேசியக் கொடிகள் குப்பைக்குப் போகாமலிருக்க
நூலக வாசலில் அவள் செய்து வைத்தது.
"கீல் மட்டும் ரெண்டு தடவை உடைஞ்சுது" என்றாள்,
நான் கேட்காமலே.

எனக்கு இதெல்லாம் வேண்டாம்.
கழுகுச் சாரணர் சான்றிதழ், நகல் ஒன்று போதும்.
படிவத்தின் பதினேழாம் கட்டத்தில் ஒரு டிக்.
மற்றவர்கள் வெறுமையாக நுழையும் வாசலில்
இவள் சட்டையில் பட்டையோடு நுழைவாள்.
சம்பளம் கொஞ்சம் கூடும்.
அது எத்தனை மாதத்தில் நாலு பனிக்கால டயராகும் என்று
விரல் விட்டு எண்ணினாள்.
வரவுசெலவு பேட்ஜ் சும்மா வந்ததில்லை.

என் படிவத்தில்
அந்தக் கட்டத்தை நிமிராமலே தாண்டிப் போனார்
அன்று இந்த நாற்காலியில் இருந்தவர்.
எங்கள் ஊர்ச் சாரணர் படையில்
அப்போது பெண்களுக்கு இடமில்லை.

புதன்தோறும் லூத்தரன் தேவாலயத்தின் நிலவறையில்
அண்ணன் கர்ட்டுக்குக் கூட்டம்.
அம்மா ஷிஃப்ட் முடிந்து கார் கொண்டுவரும்வரை
நான் படிக்கட்டில்.
கீழே பையன்கள் கயிற்றில் போடும் முடிச்சை
மேலே நான் ஷூ லேஸில் போடுவேன்,
அவிழ்ப்பேன், போடுவேன்.
கர்ட் பாதியில் விட்டுவிட்டான்.
ஃபார்கோவில் கூரை வேய்கிறான், நல்ல சம்பளம்.
நான் எல்லா முடிச்சும் கற்றேன்.
கையெழுத்துப் போட ஆளில்லை.

பயிற்சி முகாமில், மழையில்,
கயிற்றுப் பாலத்தின் ஒரு முனை என் கைக்கு வந்தது.
கட்டினேன். நின்றது.
"எங்கே கற்றாய்?" என்று காதுக்குள் ஓர் இரைச்சல்.
"படிக்கட்டில், சார்ஜெண்ட்!"
அந்தப் பதிலுக்கு இருபது தண்டால்.

இதை நான் டில்டாவிடம் சொல்லவில்லை.
அவள்தான் கேட்டாள்:
"கழுகுன்னு தெரிஞ்சா அதிகமாத் திட்டுவாங்களா?"
"திட்டுவாங்க.
முதல்ல உன் பேரைத்தான் கூப்பிடுவாங்க.
நீ தப்பு செஞ்சா எல்லாருக்கும் சந்தோஷம்."
தலையாட்டினாள்,
வானிலை அறிக்கை கேட்பவள் மாதிரி.

பிறருக்கு எப்போதும் உதவுவேன் என்று
ஏழு வருடம் மூன்று விரல் உயர்த்திச் சொன்னவள்.
இந்தப் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
இருக்க வேண்டுமா, கூடாதா?
மாதம் இரண்டு பேர் சேர்க்க வேண்டிய நான்
இந்தக் கேள்வியை இழுப்பறையில் வைத்திருக்கிறேன்,
ஸ்டேப்ளருக்குப் பக்கத்தில்.

நகல் இயந்திரம் தாளைக் கடித்துக்கொண்டது.
அவளே மூடியைத் திறந்து
சான்றிதழைக் கசங்காமல் உருவினாள்.
டிக் போட்டேன்.
பேனா குளிரில் எழுதவில்லை, ஊதி மறுபடி போட்டேன்.

போகும்போது பெட்டியைக் கயிற்றால் கட்டினாள்.
இரண்டு சுற்று, உள்ளே ஒரு வளையம்,
விரலை எப்படித் திருப்பினாள் என்று
பார்ப்பதற்குள் முடிந்துவிட்டது.
அது எனக்குத் தெரியாத முடிச்சு.

கேட்டிருக்கலாம்.
அவள் கார் மூன்றாம் முயற்சியில் உயிர் பெற்று
சாலைக்கு வழுக்கிப் போகும்வரை நின்றேன்.

பிறகு மேசைக்கடியில் குனிந்து
இடது பூட்ஸின் லேஸை அவிழ்த்தேன்.
இரண்டு சுற்று. உள்ளே ஒரு வளையம்.
இல்லை, இப்படி இல்லை.

கதவு திறந்தது.
மூக்கு சிவந்த பையன் ஒருவன்
சுவரிலிருந்த டாங்கியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்,
பீட்சா கடை இது இல்லையா என்றான்.