பெயர் வரவேண்டிய இடம்

செவ்வாயன்று வந்த கடிதம்
சாவியை ஒப்படைக்கச் சொன்னது.
வியாழனன்று வந்தது
பூட்டை மாற்றச் சொன்னது.
இரண்டிலும் ஒரே முத்திரை,
ஒரே வசனம்கூட.

குவேருவில் தகரக்கூரை சுடத் தொடங்கும் நேரம்.
போதகர் முன்யராட்சி கண்மூடி
"எங்கள் பேராயருக்காக" என்றார்.
அடுத்து, பெயர்.

இடப்பக்கம் மபிகா குடும்பம்,
வலப்பக்கம் மற்றவர்கள்;
போன மாதம்வரை கலந்து உட்கார்ந்தவர்கள்.
பின்வரிசையில் ஒரு செல்போன்
பதிவுசெய்தபடி.

வீடு சபையுடையது. கட்டிலும்.
பானைகளை நேற்றிரவே
தாளில் சுற்றிவிட்டாள் ருவாரஷே.

அந்நிய பாஷைக்குள் போய்விட்டார்.
வெகுநேரம்.
இரு பக்கமும் அல்லேலூயா என்றன.

இருபத்தோரு வருடமாக
அவர் பாஷையின் ராகம் அவளுக்குத் தெரியும்.
இன்று அதே நான்கு அசைகள்,
திரும்பத் திரும்ப.

ஒற்றைக் கண்ணை மட்டும்
திறந்து பார்த்தாள்.