இரண்டு நிமிடம்

உலான்பத்தாரில், பதினெட்டாம் மாடிக்கும் மேலே
கிரேன் கூண்டுக்குள் சரங்கெரெல்.
வயது நாற்பத்தொன்று.
போன பனிக்காலத்திலிருந்து பல்லில் கம்பி.

மதியம் தின்ற ஆட்டிறைச்சியின் ஒரு நார்
மேல்வரிசையில் சிக்கி
நாக்கை வேலைவாங்குகிறது.

குச்சி நுனியில் குட்டித் தூரிகை.
கம்பிக்கு மேலே, கம்பிக்குக் கீழே,
ஒவ்வொரு இடுக்காக.
சாரங்களுக்கு நடுவே உத்தரம் இறக்கும்
அதே மணிக்கட்டு.

வாக்கிடாக்கி கத்துகிறது:
"என்ன, தூங்கிட்டியா?"
வாய் நிறைய நுரை.
ஹாரனை ஒருதரம் அடிக்கிறாள்.

பிளாஸ்க் வெந்நீரில் கொப்பளித்து
போத்தலுக்குள் துப்புகிறாள்.
கீழே தலைகள் இருக்கின்றன.

சட்டைப்பையில் ஆரூல்,
கல்லாய்க் காய்ந்த தயிர்க்கட்டி.
சென்ற மாதம் ஆசையாய்க் கடித்ததில்
கம்பியின் பொட்டொன்று பெயர்ந்து
வயிற்றுக்குள் போய்விட்டது.

விரலால் தடவிப் பார்க்கிறாள்.
இன்னும் பதினோரு மாதம்.

நெம்புகோலைத் தள்ளுகிறாள்.