புதன்கிழமைப் பட்டியல்

ஆராதனை முடிந்ததும் பலகையில் இரண்டு தாள் ஒட்டினார்
செயலாளர் அருமைநாயகம்.
ஆணியில் ராஃபியா கயிறு, கயிற்று நுனியில் பேனா.

முதல் தாள்: நேபாளம், ரசுவா, ஒன்பது நாள்,
பல் மருத்துவ முகாம், குளிராடை அவசியம்.
காப்பி ஆறுவதற்குள் நிரம்பிவிட்டது.
இரண்டாம் தாள்: புதன் இரவு, சவுகிட், சோற்றுப் பொட்டலம்.
அதில் ரெபேக்கா தங்கையாவின் பெயர் மட்டும்,
போன வருஷத்திலிருந்தே அவள் பெயர் மட்டும்.

உண்மையைச் சொல்கிறேன்,
நான் முதல் தாளுக்குத்தான் போனேன்.
பனிமலை முன்னால் நிற்கும் என் புகைப்படம்
ஏற்கெனவே மனசில் எடுத்தாகிவிட்டது.
பதினான்காவது பெயருக்குக் கீழே கோடு போட்டிருந்தது.
பேனா கையில் இருந்தது.
பின்னால் ஆட்கள் நின்றார்கள்.
எழுதாமல் வைக்க வெட்கமாக இருந்தது.
அவ்வளவுதான் எனக்கு வந்த அழைப்பு.

பயணப் பெட்டிகளைச் சுற்றி நின்று ஜெபித்த மாலை
பக்கத்து அடுக்குமாடியின் காவலாளி கேசர் தமாங்
தடுப்புக் கம்பிக்கு அடியில் குனிந்து வந்தான்,
ஒரு மைலோ டின்னோடு.
மூடியைச் சுற்றிக் கறுப்பு டேப்,
மேலே அவன் எழுத்தில் மகளின் பெயர்.
முகாமிலிருந்து தன் ஊர் ஒரு பகல் நடை என்றான், மலாயில்.
டாக்டர் ஹெலன் பெட்டியை நிறுத்துப் பார்த்தார்.
தன் இரண்டாவது சப்பாத்தை எடுத்து வெளியே வைத்தார்.

சவுகிட் போகிறவர்களுக்கு யாரும் ஜெபிப்பதில்லை.
செந்தூலிலிருந்து பத்து நிமிஷம், சாலை காலியென்றால்.
முப்பது பொட்டலம், சம்பல், பொரித்த முட்டை.
மூடிய துணிக்கடையின் அஞ்சடியில்
அட்டை விரித்து உட்கார்ந்திருந்தார் ஒருவர்.
"தங்கச்சி, இது இன்னிக்கி மூணாவது சோறு.
சீக்கியவங்க கொடுத்தாங்க, பள்ளிவாசல்ல கொடுத்தாங்க.
வயிறு ஒண்ணுதான இருக்கு.
நகவெட்டி இருக்கா?"

கைப்பையில் லிப்ஸ்டிக், டோல் கார்டு,
சபை அச்சடித்த கைப்பிரதி பன்னிரண்டு.
நகவெட்டி இல்லை.
அவர் காலைப் பார்த்தேன், பார்க்காதது போலவும் இருந்தேன்.
பெருவிரல் நகம் வளைந்து சதைக்குள் இறங்கியிருந்தது.

அடுத்த புதன் கொண்டுபோனேன். ஐந்து வெள்ளி.
அவரால் குனிய முடியவில்லை,
இடுப்பில் ஏதோ பழைய லாரி விபத்து.
ரெபேக்கா டார்ச் பிடித்தாள்.
மடியில் வைத்த கால் சூடாக இருந்தது.
ஒரு மனிதக் கால் இவ்வளவு கனமென்று
நாற்பத்துமூன்று வயதுவரை எனக்குத் தெரியாது.
நகங்கள் தெறித்து
சாக்கடை இரும்புச் சட்டத்தில் பட்டு ஒலித்தன.
ஏழாவது விரலில் பெயர் சொன்னார்: தெய்வசிகாமணி.
எட்டாவதில், கிள்ளானில் ஒரு தங்கை இருப்பதாக.
பிறகு விரல் தீர்ந்துவிட்டது.
பக்கத்தில் படுத்திருந்த சீனக் கிழவர்
ஒன்றும் கேட்காமல்
போர்வைக்கு வெளியே தன் காலை நீட்டினார்.

வசனம் எதுவும் அப்போது நினைவுக்கு வரவில்லை.
டெட்டோல் வாங்க வேண்டும் என்றுதான் வந்தது.

இரண்டாம் தாளில் யாரோ ஓரத்தில் கிறுக்கியிருக்கிறார்கள்,
நகவெட்டி இன்னும் இரண்டு, பெரியது.
கையெழுத்து ரெபேக்காவுடையது அல்ல.

குழு திரும்பிய ஞாயிறு திரை இறக்கினோம்.
பனி, கூடாரம், பனி, கைதட்டல்.
கேசர் தொப்பியைக் கழற்றி
வாசல் மிதியடிமேல் நின்றான், உள்ளே வரவில்லை.
நாற்பத்தோராம் படத்தில் ஒரு சிறுமி,
கையில் மைலோ டின்,
முன்பல் இருந்த இடத்தில் பஞ்சு.
"எண்பத்தெட்டாவது பல்" என்றார் டாக்டர்.
எல்லோரும் சிரித்தோம். அடுத்த படம் வந்தது.

வாசலிலிருந்து ஒரு குரல், மெதுவாக:
முந்தின படத்துக்குத் திரும்பிப் போக முடியுமா.

அருமைநாயகம் திரும்பிப் போனார்.
எவ்வளவு நேரம் என்று நான் எண்ணவில்லை.
வெளியே ஒரு கார் ஹாரன் அடித்தது.
தொப்பியை மாட்டிக்கொண்டு
கம்பியைத் தூக்க ஓடினான்.

படத்தை யாரும் மாற்றவில்லை.