எண்பது பல்

"எத்தனை ஏக்கர்?" என்றார் கலீம் பாய்.
ஒன்றரை. மானாவாரி. கொழுக்கட்டைப் புல்.
"சமதளமா?"
இராயக்கோட்டையில் எது பாய் சமதளம்,
உங்கள் கடை வாசலிலேயே என் வண்டி உருண்டது,
சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.

முதலில் காட்டியது சக்கரம் வைத்தது.
முன்னால் கத்தரி கத்தரியாய்ப் பல்வரிசை.
அடித்தாளோடு அறுத்து ஒருபக்கமாய்ச் சாய்க்குமாம்,
மூன்று வெயில் காய்ந்தால் கட்டிவிடலாம்.
விலை கேட்டேன்.
கேட்டுவிட்டுக் கைப்பிடியிலிருந்து கையை எடுத்தேன்.
சீட்டில் தள்ளி எடுத்த இருபத்தொன்பதாயிரம்
ரவிக்கைக்குள் இன்னும் சின்னதாயிற்று.

அடுத்தது சங்கிலி சுழற்றுவது.
புதரைத் தூளாக்கும். புல்லையும் தூளாக்கும்.
தூளை என் மாடு மூச்சால் ஊதிவிட்டு
என்னைப் பார்க்கும்.
வேண்டாம்.

மூன்றாவது, தோளில் மாட்டுவது. எட்டுக் கிலோ.
பெட்ரோலில் ஆயில் கலக்க மறந்தால் பிஸ்டன் போச்சு.
நைலான் நரம்பு கல்லில் பட்டாலும் பாதகமில்லை,
ஆனால் புல்லை அடிக்கும், அறுக்காது.
எண்பது பல் தகடு அறுக்கும்,
கட்டைவிரல் பருமன் குச்சியையும் தாங்கும்.
கல்லில் பட்டால் பல் போகும்.
"உங்க நிலத்துல கல்லு இருக்காம்மா?"

இருக்கிறது.
ஒரு கல்லுக்காகத்தான் வந்தேன் என்று
அவரிடம் சொல்லவில்லை.

வடக்கு ஓரம் பூராவும் உண்ணிச்செடி,
ஆள் உயரம். அதற்குள் எங்கோ சர்வேக் கல்.
அதற்கு அந்தப் பக்கம் திம்மராயன்,
என் வீட்டுக்காரருக்குச் சித்தப்பா மகன்.
ஏழு வருஷத்தில் என்னிடம் அவர் பேசிய ஒரே வாக்கியம்
"மூணடி முழுங்கிட்டீங்க."
கல்யாண வீட்டில் சொன்னார். சாவு வீட்டில் சொன்னார்.
பால் சொசைட்டி வரிசையில், கேனை நகர்த்திக்கொண்டே சொன்னார்.

தகடும், அறுத்த தாள் சிதறாமல் சாய்க்கும் தகரமும்
சேர்த்தே வாங்கினேன்.
கண்ணாடி இனாம்.

புல்லுக்கு என்று வாங்கியவள்
முதல் நாள் காலை புல் பக்கம் போகவில்லை.
உண்ணிச்செடியின் வாசனை பெட்ரோலோடு கலந்து
தொண்டையில் கசந்தது. இடுப்பு வார் இறங்கி இறங்கி
இடது தோள் மரத்தது.
ஒன்பது மணிக்குத் தகடு கத்தியது.
பொறி பறந்தது.

கல் இருந்தது.
நான் நினைத்த இடத்தில் இல்லை.
வேலிக்கு இந்தப் பக்கம், என் புல்லுக்குள்,
சுண்ணாம்பு உதிர்ந்து, அம்புக்குறி மட்டும் தேயாமல்.
முந்தானையை முழம் போட்டு அளந்தேன்.
மூன்றடி இல்லை. ஐந்து.

மூடிவிடலாம். வெட்டிய செடி பக்கத்திலேயே கிடக்கிறது.
அதை இழுத்துக்கொண்டிருந்தபோதுதான்
தக்காளிக்குத் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்த திம்மராயன்
மண்வெட்டியோடு வந்து நின்றார்.

கல்லைப் பார்த்தாரா தெரியவில்லை.
குனிந்து தகட்டைச் சுற்றிப் பார்த்தார்,
மாட்டுக்குப் பல் பார்க்கிற மாதிரி.
"நாலு பல்லு போச்சே."
அப்புறம், "என்ன விலை?"

சொன்னேன். எந்தக் கடை என்றும் சொன்னேன்.
ஆயில் கலக்கச் சொல்லிக் கொடுத்தேன்.
நரம்பு வாங்காதீங்க, மாடு திங்காது என்றேன்.
தலையாட்டிக்கொண்டு போனார்.

மற்ற புல்லையெல்லாம் தையில் அறுத்துக் கட்டிவிட்டேன்.
அந்த ஐந்தடி மட்டும் நிற்கிறது.
கதிர் முற்றி, காற்றடித்தால்
இரண்டு பக்கமும் விதை சிந்துகிறது.