எட்டு

படத்தில் நாய் இருந்தது.
குடை இருந்தது.
பேருந்துக்கு பிஎம்டிசியின் நீலம்கூடச்
சரியாக விழுந்திருந்தது.
ஜெசிந்தா எதையும் சொல்லவில்லை.
நாலு வயதுக் கால்கள் மட்டும்
நாற்காலியில் ஆடிக்கொண்டிருந்தன.

"வீட்டில் என்ன பாஷை?"
ஷைலஜா மேடம் கன்னடத்தில் கேட்டார்.
நான் தமிழ்.
அவள் அப்பா இருந்தவரை தெலுங்கு.
லிங்கராஜபுரத்துச் சந்தில் இறங்கினால்
கன்னடம், உருது, தண்ணி லாரிக்காரனின் வசவு.
"ஒன்றை மட்டும் பேசுங்கள். நிறையப் பேசுங்கள்.
பாத்திரம் விளக்கும்போதும் பேசுங்கள்."

எப்படிச் சொல்வேன்,
எங்கள் வீட்டில் பேச்சே ஒரு கசிவு என்று.
சுவருக்கு அந்தப் பக்கம் வீட்டுக்காரம்மா.
ஏஆர்டி வரிசையில் நின்று வாங்கிவரும் புட்டியின்
லேபிளை நகத்தால் சுரண்டி
அரிசி டப்பாவுக்குள் புதைப்பேன்.
குலுங்காமலிருக்கப் பஞ்சு அடைப்பேன்.
அதே பஞ்சுதான்
சீழ் வடியும் அவள் காதுக்கும்.

ஃபாரத்தில் கேட்டிருந்தார்கள்:
எத்தனையாவது மாதத்தில் 'அம்மா' என்றாள்?
வேறு நோய் ஏதும் உண்டா?
முதலாவதற்கு, ஞாபகமில்லை.
இரண்டாவதற்கு ஒரு கோடு இழுத்தேன்.
கோட்டுக்குப் பாஷை கிடையாது.

அப்போதுதான் வராந்தாவில்
யாருடைய போனோ அடித்தது.
எங்கள் மணி.
காலையும் ராத்திரியும் எட்டுக்கு அடிக்கும்
அதே குருவிச் சத்தம்.
ஜெசிந்தா நிமிர்ந்தாள்.
கரண்டிக்குத் திறப்பதுபோல் வாய் திறந்து
"எ... டு" என்றாள்.

"கேட்கிறது அவளுக்கு!"
மேடம் பாதி எழுந்தே விட்டார்.
"எண்ட்டு என்றாளா, எட்டு என்றாளா?"
நடுவில் அந்த மூக்கொலி
இருந்ததா இல்லையா,
இரண்டு பேருக்கும் தெரியவில்லை.
"எட்டு என்றால் என்ன?"
"சீரியல்" என்றேன்.
"எட்டு மணி சீரியல்."
சிரித்தபடி எழுதிக்கொண்டார்.
ஜெசிந்தா இன்னும்
வாயைத் திறந்தே வைத்திருந்தாள், மாத்திரைக்கு.

பஸ்ஸில் நாலு ஸ்டாப்பும் அதையேதான் சொன்னாள்.
முன்சீட்டு அம்மாள் திரும்பி,
"ஒன்றிலிருந்தல்லவா ஆரம்பிக்கணும் கண்ணு?" என்றாள்.
என் கை வழக்கம்போல்
பிள்ளையின் வாய்ப்பக்கம் போனது.
இரண்டு வருஷமாகப் போய்ப் பழகிய கை.
போய்,
மூக்கைத் துடைத்துவிட்டுத் திரும்பியது.

"எட்டு" என்றேன் நானும்,
கொஞ்சம் சத்தமாகவே.